சில்காக் கழி: அதன் இயற்கையும் உல்லாசப் பயணமும்

சென்னையிலிருந்து ஹௌராவுக்குச் செல்லும் இருப்புப்பாதை, ஒடிசா மாநிலத்துப் பிரம்மபூரைக் கடந்த சிறிது நேரத்தில் ஒரு பெரும் நீர்ப்பரப்பின் கரையை அடைகின்றது. ஒருபுறம் கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த குன்றுகள். மறுபுறம், வண்டியின் வலப்பக்கத்தில், கண்ணுக்கெட்டிய தொலைவு வரையில் தண்ணீர். ரம்பா, பாலுகாவ் ஆகிய நிலையங்கள் இதன் கரையை ஒட்டியே அமைந்துள்ளன. முதன்முறையாகக் காண்போருட் பலர் இதனைக் கடலென்றே எண்ணிவிடுவர். இது கடலன்று. பள்ளிப் புத்தகங்கள் வழங்கும் ‘ஏரி’ என்னும் பெயரும் இதற்கு முற்றிலும் பொருந்துவதன்று. ஏரி என்பது நிலத்தால் சூழப்பட்டு, தன் நீரைத் தானே வைத்திருப்பது. சில்காவோ ஒரு பக்கம் ஆறுகளிடமிருந்து நன்னீரையும், மறுபக்கம் வங்கக்கடலிடமிருந்து உவர்நீரையும் பெற்று, இரண்டையும் கலந்து, மீண்டும் கடலுக்கே கொடுப்பது. ஆதலின் கழிமுகத்தின் இயல்புகளையுடைய கடற்கழி என்று இதனைக் கூறுவதே சரியாகும். இந்தியாவில் இத்தகைய கழிகளுள் இதுவே மிகப் பெரியது. பழவேற்காட்டுக் கழி இதற்கு அடுத்தது.

இக்கழியைக் காண ஆண்டுதோறும் பெருந்திரளான மக்கள் வருகின்றனர். அவர்கள் காண விரும்புவன பெரும்பாலும் இரண்டே: குளிர்காலத்தில் வந்திறங்கும் பறவைக் கூட்டங்களும், நீருக்கு மேலே தலைகாட்டி மறையும் ஓங்கில்களும். இவ்விரண்டும் இங்கு இருப்பதற்கு மூலகாரணம், கழியையும் கடலையும் பிரிக்கும் மணற்கரையில் உள்ள ஒரு சிறு திறப்பேயாகும். அத்திறப்பு அடைபட்டால் என்ன நிகழும் என்பதைச் சில்கா 20-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் காட்டிவிட்டது.

கழியின் அமைப்பு

சில்காவின் நீளம் ஏறத்தாழ 64 கிலோமீட்டர். மிகுந்த அகலம் 20 கிலோமீட்டர். மழைக்காலத்தில் இதன் பரப்பு 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிகின்றது. கோடையில் சுமார் 900 சதுர கிலோமீட்டராகச் சுருங்குகின்றது. இவ்வளவு பரந்திருந்தும் ஆழம் மிகக் குறைவு. பெரும்பாலான இடங்களில் ஓர் ஆளின் உயரத்திற்கு மேல் தண்ணீர் இல்லை. படகோட்டிகள் பல இடங்களில் துடுப்பை விட்டு மூங்கிற்கழியைத் தரையில் ஊன்றித் தள்ளிச் செல்வதைக் காணலாம்.

மகாநதியின் கிளையாறுகளான தயா, பார்கவி முதலியவை வடக்கிலிருந்து வந்து சேர்கின்றன. இவை நன்னீரோடு வண்டலையும் மிகுதியாகக் கொணர்வதால் வடபகுதி ஆழமற்றுச் சேறும் நாணலுமாகக் கிடக்கின்றது. (கலிங்கப் போர் தயா ஆற்றங்கரையில் நிகழ்ந்ததெனக் கூறுவர், அசோகனுடைய தௌலிக் கல்வெட்டு இவ்வாற்றின் அருகிலேயே உள்ளது.) மேற்கிலுள்ள குன்றுகளிலிருந்து சாலியா, குசுமி முதலிய சிற்றாறுகள் மழைக்காலத்தில் மட்டும் பெருகி வந்து கலக்கின்றன. தென்பகுதி ஆழம் மிகுந்தது. குன்றுகள் நீர்விளிம்பு வரையில் இறங்கி, பாறைத்தீவுகளாக நீருக்குள்ளும் தலைதூக்கி நிற்கின்றன. இத்தென்கோடியிலிருந்து பாலூர்க் கால்வாய் ருஷிகுல்யா ஆற்றின் கழிமுகத்தோடு இணைகின்றது.

கிழக்கே கழிக்கும் கடலுக்கும் இடையில் நீண்ட மணற்கரை கிடக்கின்றது. பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கு ஒரு விரிகுடா இருந்தது. அலைகள் கொணர்ந்து குவித்த மணல் அவ்விரிகுடாவின் வாயில் சிறிது சிறிதாக வளர்ந்து அதனைக் கடலினின்றும் பிரித்தது. ஒடிய மக்களின் பழங்கதை இதனை வேறுவிதமாகச் சொல்லும். இரத்தபாகு என்னும் அயல்நாட்டு அரசன் கப்பற்படையோடு புரியைத் தாக்க வந்தானாம். கடல் அவனுக்குப் பின்வாங்கி வழிவிட்டுப் பின் பொங்கி எழுந்து அவன் சேனையை மூழ்கடித்ததாம். அவ்வாறு நிலத்துக்குள் புகுந்து நின்ற நீரே சில்காவாம். கடல் ஒருகாலத்தில் உள்ளே இருந்தது என்னும் நினைவு கதையிலும் தங்கியிருப்பது கருதத்தக்கது.

உப்பின் ஆண்டுச் சுழற்சி

கடல்நீரில் ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு உண்டு. ஆற்றுநீரில் அஃது இல்லையென்றே சொல்லலாம். சில்காவின் நீரில் எவ்வளவு உப்பு என்று வினவினால், எந்த மாதத்தில், எந்த இடத்தில் என்று திருப்பிக் கேட்டுத்தான் விடை கூற வேண்டும்.

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் ஆறுகள் பெருகிக் கழியை நிரப்புகின்றன. கழியின் மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் உயர்வதால் தண்ணீர் முகத்துவாரத்தின் வழியே வெளியே பாய்கின்றது. அக்காலத்தில் வடபகுதி முழுவதும் நன்னீராகின்றது. உவர்நீர் முகத்துவாரத்தின் பக்கமாக ஒதுங்குகின்றது. மழை ஓய்ந்து குளிர்காலம் கடந்ததும் ஆறுகள் வற்றுகின்றன. வெயிலால் நீர் ஆவியாகிக் கழியின் மட்டம் தாழ்கின்றது. அப்போது கடல் ஏற்றத்தின்போது உவர்நீர் உள்ளே புகுகின்றது. கோடையில் வீசும் தென்காற்று அதனை வடக்கு நோக்கித் தள்ளுகின்றது. மே, ஜூன் மாதங்களில் உப்பு மிகுதி. ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை குறைவு. தென்பகுதி மட்டும், ஆறுகளுக்கும் முகத்துவாரத்துக்கும் தொலைவிலிருத்தலால், ஆண்டு முழுவதும் பெரிய மாறுதலின்றி இருக்கின்றது.

இம்மாறுதல் உயிரினங்களுக்கு எளிதானதன்று. நன்னீரில் வாழும் மீனின் உடலுக்குள் நீர் ஓயாது புகுந்துகொண்டிருக்கும். அதனை அது வெளியேற்றிக்கொண்டே இருத்தல் வேண்டும். கடல்மீனின் நிலை இதற்கு நேர்மாறானது. உடல்நீர் வெளியே கசிந்துவிடாமல் அது காத்துக்கொள்ள வேண்டும். கழியில் வாழ்வன இவ்விரண்டையும் பருவத்திற்கேற்பச் செய்யவல்லனவாய் இருத்தல் வேண்டும். இயலாதவை பருவம் மாறும்போது இடம் மாறிச் செல்ல வேண்டும். நகர இயலாத சிப்பி போன்றவை தம் ஓடுகளை இறுக மூடிக்கொண்டு சிறிது காலம் பொறுத்திருக்கும்.

இந்தச் சிக்கலே விலங்கியலாரை முதலில் இங்கு ஈர்த்தது. 1914-ஆம் ஆண்டையொட்டி, கல்கத்தா இந்தியப் பொருட்காட்சிச் சாலையைச் சேர்ந்த நெல்சன் அனண்டேலும் ஸ்டான்லி கெம்ப்பும் சில்காவின் உயிரினங்களை முறையாக ஆராய்ந்தனர். அந்நாளில் ரம்பாவைச் சூழ்ந்த தென்கரை சென்னை மாகாணத்தின் கஞ்சம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. 1936-இல்தான் அது ஒரிசாவுடன் இணைந்தது. அனண்டேலின் முயற்சியால் 1916-இல் இந்திய விலங்கியல் ஆய்வுத்துறை நிறுவப்பெற்றது. அவரே அதன் முதல் இயக்குநர். அவ்வாய்வுத்துறை 1985 முதல் 1987 வரை மீண்டும் இக்கழியை முழுவதும் ஆராய்ந்தது. ஒரே நீர்நிலையை 70 ஆண்டு இடைவெளியில் இருமுறை இவ்வாறு கணக்கெடுத்திருப்பது நம் நாட்டில் அரிது.

ரம்பாவை அடுத்த பர்குடாத் தீவில் அனண்டேல் கண்ட ஒரு பிராணியைப் பற்றி இங்குக் குறிப்பிடலாம். அது பல்லியினத்தைச் சேர்ந்ததாயினும் கால்களே இல்லாதது, மண்ணுக்குள் வாழ்வது, பார்வைக்குப் பெரிய மண்புழுவை ஒத்தது. 1917-இல் அவர் அதனை விவரித்து, தீவின் பெயராலேயே ‘பர்குடியா’ என்னும் பேரினப் பெயரை இட்டார். பிறகு நெடுங்காலம் அது எவர் கண்ணிலும் படவில்லை. இந்நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மீண்டும் கண்டறியப்பட்டது. உல்லாசப் பயணிகளுக்கு இத்தீவு இன்று ‘தேனிலவுத் தீவு’ என்று காட்டப்படுகின்றது.

முகத்துவாரம்

மணற்கரையில் உள்ள திறப்பு ஓரிடத்தில் நிலைத்திருப்பதன்று. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்குகின்றன. அதனால் ஆண்டுதோறும் பல லட்சம் கன மீட்டர் மணல் கரையோரமாக வடகிழக்கு நோக்கி நகர்கின்றது. இம்மணல் முகத்துவாரத்தின் தென்பக்கத்தில் படிந்து நாக்குப்போல் வளர, திறப்பு வடகிழக்கே தள்ளப்படுகின்றது. அது தள்ளிச் செல்லச் செல்லக் கழியிலிருந்து கடலுக்குச் செல்லும் வாய்க்கால் நீள்கின்றது. நீண்ட வாய்க்காலில் ஓட்டம் தளர்கின்றது. ஓட்டம் தளர்ந்தால் வண்டல் படிகின்றது. வண்டல் படிந்தால் ஓட்டம் மேலும் தளர்கின்றது. ஒரு பெரும் புயலோ வெள்ளமோ மணற்கரையை வேறிடத்தில் உடைத்துப் புதுவழி காணும் வரையில் இந்நிலை நீடிக்கும்.

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வாறே நிகழ்ந்தது. அரக்ககுடாவுக்கருகில் இருந்த முகத்துவாரத்துக்கும் கழியின் பெரும்பரப்புக்கும் இடையில் வாய்க்கால் சுமார் 30 கிலோமீட்டர் நீளத்திற்குக் கரைக்கு இணையாகக் கிடந்தது. வாய்க்கால் பெருங்கழியோடு சேரும் மகர்முக் என்னுமிடமும் தூர்ந்துபோயிற்று. ஆற்றுப்படுகைகளிலிருந்து வந்த வண்டல் வேறு பெருகியது. கடல்நீர் உள்ளே வருவது குறையவே, கழி மெல்ல மெல்ல நன்னீர்க் குளமாக மாறலாயிற்று. ஆகாயத்தாமரையும் நன்னீர்ப் பாசியினங்களும் வடபகுதியிலிருந்து பரவின. பருவந்தோறும் கடலிலிருந்து வரும் மீன்குஞ்சுகளும் இறால்குஞ்சுகளும் வரவில்லை. 1980-களின் நடுவில் ஆண்டுக்கு 8,000 டன்னுக்கு மேல் இருந்த மீன்பிடிப்பு, 1999–2000-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 1,700 டன்னாக வீழ்ந்தது.

சில்காவை நம்பி வாழ்வோர் சுமார் 2 லட்சம் பேர். கேவுடர், கண்டாரர், தெலுங்கு பேசும் நோலியர் எனப் பல குலத்தினர் இங்கு மீன்பிடிக்கின்றனர். ஒவ்வொரு குலத்துக்கும் கருவியும் இடமும் பருவமும் வழக்கத்தால் வரையறுக்கப்பட்டிருந்தன. நீர் வடியும் காலத்தில் மூங்கிற்பட்டைத் தட்டிகளால் ஆழமற்ற பரப்பைச் சூழ்ந்து பிடிப்பது ‘ஜானோ’. ஆழமான இடத்தில் வலைவீசிப் பிடிப்பது ‘பாஹணி’. மீன் குறைந்த அதே ஆண்டுகளில் இறாலின் ஏற்றுமதி விலை உயர்ந்தது. செல்வமுடையோர் கழியின் ஓரங்களை மண்கரையாலும் வலையாலும் மறித்து இறால் வளர்க்கத் தலைப்பட்டனர். ‘கேரி’ எனப்படும் இவ்வடைப்புகளால் மீனவர் தம் பழைய இடங்களை இழந்தனர், பூசல்கள் மூண்டன. 1999 மே மாதத்தில் சோரானா என்னும் கிராமத்தில் நிகழ்ந்த போலீஸ் துப்பாக்கிப் பிரயோகத்தில் 4 பேர் உயிரிழந்தனர். தமிழ்நாட்டின் சர்வோதயத் தலைவர் ஜகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரிலேயே, சில்காவிலிருந்தும் பழவேற்காட்டிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் வளர்ப்புக் குட்டைகள் கூடாதெனத் தீர்ப்பளித்திருந்தது. எனினும் அடைப்புகள் முற்றிலும் ஒழிந்தனவாகா; அகற்றியவை மீண்டும் முளைப்பதும், அவற்றை அரசாங்கம் மீண்டும் அகற்றுவதும் பலமுறை நேர்ந்துள்ளன.

சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில், இந்தியாவின் சார்பாக 1981-இல் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டவை இரண்டு. அவற்றுள் ஒன்று சில்கா. 1993-இல் அது, சீர்கேடடைந்து வரும் நீர்நிலைகளைக் குறிக்கும் மாண்ட்ரூ பதிவேட்டிலும் ஏறியது. 1991-இல் நிறுவப்பட்டிருந்த சில்கா அபிவிருத்தி ஆணையம், பூனாவிலுள்ள மத்திய நீர் மின்சார ஆராய்ச்சி நிலையத்தைக் கொண்டு நீரோட்டத்தை மாதிரிகளால் ஆராய்வித்தது. மணற்கரையை எவ்விடத்தில் வெட்டினால் வழி சுருங்கும், வெட்டிய வழி தூராமல் நிற்குமா என்பனவே வினாக்கள். ஆராய்ச்சியின் முடிவுப்படி சிபகுடாவுக்கருகில் 2000 செப்டம்பர் 23-ஆம் நாள் புதிய முகத்துவாரம் திறக்கப்பட்டது. கடலுக்குச் செல்லும் வழி 18 கிலோமீட்டர் குறைந்தது.

பயன் விரைவிலேயே தெரிந்தது. ஏற்றமும் வற்றமும் மீண்டும் கழியின் உட்பகுதியில் உணரப்பட்டன, உப்பு உயர்ந்தது, நன்னீர்க் களைகள் பின்வாங்கின, அவை இருந்த இடங்கள் சிலவற்றில் கடற்புற்கள் படர்ந்தன. 2001–02-இல் மீன்பிடிப்பு ஏறத்தாழ 12,000 டன்னை எட்டியது. 2002-இல் சில்கா மாண்ட்ரூ பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது. ஆசியாவில் இவ்வாறு நீக்கப்பட்ட முதல் நீர்நிலை இதுவே. ஆயினும் வெட்டிய திறப்பும் மணலின் இயல்புக்கு விலக்கன்று. அதுவும் வடகிழக்கே நகர்ந்தது. 2008 ஆகஸ்டில் கபகுண்டா என்னுமிடத்தில் கடல் தானே வேறொரு வழியைத் திறந்துகொண்டது. 2019 மே மாதத்து ஃபானிப் புயலும் புதிய உடைப்புகளை உண்டாக்கியது. ஒருமுறை வெட்டிவிட்டு மறந்துவிடக்கூடிய வேலையன்று இது.

மீனும் ஓங்கிலும்

மடவை மீனின் வாழ்க்கையைக் கொண்டு முகத்துவாரத்தின் பயனை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். ஒடிய மொழியில் ‘கைங்கா’ எனப்படும் இம்மீன் கழியில் பாசியும் மக்கும் தின்று கொழுக்கின்றது. ஆனால் முட்டையிடக் கடலுக்கே செல்ல வேண்டும். கடலில் பொரித்த குஞ்சுகள் ஏற்றநீரோடு முகத்துவாரத்தின் வழியே உள்ளே வருகின்றன. இறாலும் களிநண்டும் இவ்வாறே. கழி இவற்றுக்குத் தொட்டில், பிறப்பிடம் கடல். போகும் வழியோ திரும்பும் வழியோ அடைபட்டால் அடுத்த தலைமுறை இல்லை. கொடுவா மீனும் இவ்வழியே வந்து போகும். அது மற்ற மீன்களைத் தின்று வாழ்வது.

மீன் செல்லும் வழியில் அதனைத் தின்னும் பிராணி காத்திருப்பது இயற்கை. ஐராவதி ஓங்கில் எனப்படும் டால்பின்கள் மகர்முக் வாய்க்காலின் பக்கத்திலும் வெளிவாய்க்காலிலும் மிகுதியாகக் காணப்படுவதன் காரணம் இதுவே. விஞ்ஞானத்துக்கு இவ்வினம் முதன்முதலாக அறிமுகமானது விசாகப்பட்டினத் துறைமுகத்தில் 1852-இல் கிடைத்த ஒன்றினால். அதனைக் கொண்டு 1866-இல் ரிச்சர்டு ஓவன் இவ்வினத்தை விவரித்தார். ஐராவதி ஆற்றின் பெயர் பின்னர் ஒட்டியது.

படங்களிற் காணும் கடல் ஓங்கிலைப் போன்று இதற்கு நீண்ட மூக்கு இல்லை. தலை பானைபோல் உருண்டது, முதுகுத்துடுப்பு சிறியது, நிறம் சாம்பல், நீளம் இரண்டரை மீட்டருக்கு முன்பின்னாக இருக்கும். வானில் துள்ளிக் குதிப்பது அரிது. மூச்சுவிட மேலே வரும்போது ஒரு சிறு பெருமூச்சொலி கேட்கும். முதுகு ஒரு கணம் பளபளத்து மறையும். வேடிக்கையை எதிர்பார்த்து வரும் பயணிகளுட் சிலர் ஏமாற்றமடைகின்றனர். அவர்களை மகிழ்விக்கப் படகோட்டிகள் விசையை முடுக்கி ஓங்கிலைத் துரத்துவதுண்டு. கேடு அங்குதான் தொடங்குகின்றது. கலங்கல் நீரில் ஓங்கில் கண்ணை நம்பாமல் ஒலியை எழுப்பி அதன் எதிரொலியால் இரையையும் வழியையும் அறிகின்றது. பல விசைப்படகுகள் சூழ்ந்து இரையும்போது அதற்குத் திசை தெரியாது. படகின் சுழல்விசிறியால் காயமடைந்தும், வலையிற் சிக்கி மூச்சுமுட்டியும் ஓங்கில்கள் இறந்துள்ளன. அண்மை ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் சில்காவில் உள்ளவை 150 முதல் 170 வரையில்தான். உலகில் அருகிவரும் இனமாக இது 2017-இல் வகைப்படுத்தப்பட்டது. இவ்வளவு சிறிய கூட்டத்தில் ஆண்டுக்குச் சில இறப்புகளும் பெரிதே.

பறவைகள்

அக்டோபர் முதல் மார்ச் வரை சில்கா ஒரு பெரிய பறவைச் சத்திரம். வட ஆசியாவின் குளிரினின்றும் தப்பி வருவன பல; இமயத்தைத் தாண்டி வரும் பட்டைத்தலை வாத்து அவற்றுள் பெயர்பெற்றது. ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நாமக்கோழி, கருவால் மூக்கன், பூநாரை ஆகியவை ஆயிரக்கணக்கில் அமர்கின்றன. விரால் அடிப்பான் முளைகளின்மேல் அமர்ந்து மீனை நோக்கியிருக்கும். 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் ஜனவரிக் கணக்கெடுப்புகளில் பறவைகளின் தொகை 11 லட்சத்தைக் கடந்தது.

இவற்றின் தலைமையிடம் நளபனத் தீவு. ‘நாணற்காடு’ என்பது பெயரின் பொருள். சுமார் 15 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இத்தீவு மழைக்காலத்தில் முழுவதும் நீரில் மூழ்கிவிடும். நீர் வடிய வடியச் சேறும் புல்லும் பூச்சியும் நிறைந்த திடல் வெளிப்படும்; வலசைப் பறவைகள் வருவதும் அந்த நாட்களிலேயே. ஆற்றுவெள்ளம் எந்த அளவில், எந்த மாதத்தில் வடிகின்றதென்பது வாத்துகளுக்கும் ஒரு விஷயமாதலை இதனால் அறியலாம். 1987-இல் நளபனம் பறவைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

வடகரையிலுள்ள மங்களாஜோடி கிராமத்தின் வரலாறு வேறானது. அங்குப் பறவைகளைக் கொன்று விற்பது பலருக்கு ஜீவனமாக இருந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டி அவர்களே பறவைக் காப்புச் சங்கம் ஒன்றை அமைத்து வேட்டையைக் கைவிட்டனர். பறவையின் வழக்கங்களை வேட்டைக்காரனைவிட நன்கறிந்தவர் யார்? அவ்வறிவே இப்போது பயணிகளைப் படகில் அழைத்துச் சென்று காட்டுவதற்குப் பயன்படுகின்றது. படகு விசையில்லாதது, மூங்கிற்கழியால் தள்ளப்படுவது. நாணலுக்கிடையே ஓசையின்றிச் செல்வதால், பறவைகள் சில கஜ தூரத்திலும் எழாமல் மேய்ந்துகொண்டிருக்கும். சில்காவில் பறவை காண்பதற்கு இதைவிடச் சிறந்த இடம் கிடையாதெனலாம்.

பயணிகள்

சில்காவுக்கு வாயில்கள் பல. புரியிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள சாதபடாவிலிருந்து ஓங்கில்களையும் முகத்துவாரத்தையும் காணச் செல்வர். பர்குலிலிருந்து காளிஜாயித் தீவுக்குப் படகு உண்டு. மணமகனின் ஊருக்குத் தந்தையோடு படகேறிச் சென்ற ஜாயி என்னும் பெண் புயலில் மூழ்கி இத்தீவின் தெய்வமானாள் என்பது வழக்கு. படகோட்டிகள் இன்றும் அவளை வணங்கியே செல்கின்றனர். மகர சங்கராந்தியன்று பெருந்திருவிழா நிகழும். இக்கதை வெறும் கற்பனையென்று தள்ளத்தக்கதன்று. ஆழமற்ற அகன்ற நீர்ப்பரப்பில் காற்று எழுந்தால் அலை குறுகியும் செங்குத்தாகவும் எழும். சிறு படகுக்கு அது கடலலையைவிட ஆபத்தானது. மாணவர்களை அழைத்துச் செல்வோர் காலை வேளையையே தேர்ந்துகொள்ளலும், ஒவ்வொருவருக்கும் மிதவைச் சட்டை உண்டா என்று பார்த்தபின் ஏறுதலும் வேண்டும்.

அமைதியான காட்சியை விரும்புவோருக்குத் தென்கோடியிலுள்ள ரம்பா ஏற்றது. குன்றும் தீவும் தெளிந்த நீரும் ஒருங்கே அமைந்த இவ்விடத்தில் கூட்டம் குறைவு. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காற்று அடங்கியிருக்கும்.

ஓங்கிலைக் காணும்போது விசையைக் குறைத்துத் தொலைவில் நின்றுவிடுவதும், அதன் போக்கிற்குக் குறுக்கே செல்லாதிருப்பதும், ஒரே கூட்டத்தைப் பல படகுகள் சூழாதிருப்பதும் படகோட்டிகளுக்குப் பயிற்றப்பட வேண்டியவை. இதில் பயணியின் பங்கே பெரிது. துரத்துமாறு கேட்பவர் பயணி. கூலியை இழக்க அஞ்சி இணங்குபவர் படகோட்டி. வந்திருப்போரில் ஆசிரியர் ஒருவர், விசையை நிறுத்திக் காத்திருக்கலாம் என்று கூறின், படகோட்டி பெரும்பாலும் மகிழ்ச்சியுடன் இணங்குவார், எண்ணெயும் மிச்சமாகும். விசை நின்ற சிறிது நேரத்தில் ஓங்கில் தானே அருகில் மேலெழுவதும் உண்டு.

கழிமுகத்தை அளந்தறிதல்

சில்காவுக்குச் செல்ல இயலாத பள்ளிகளும் எந்தக் கழிமுகத்தின் அருகிலும் கீழ்க்கண்டவாறு ஆராயலாம். முகத்துவாரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, ஆறு சேருமிடத்தில் ஒன்று என மூன்று இடங்களில் ஒவ்வொரு லிட்டர் நீர் எடுத்து வடிகட்டி, தனித்தனிப் பாத்திரங்களில் முற்றிலும் வற்றக் காய்ச்ச வேண்டும். எஞ்சும் உப்பைப் பள்ளித் தராசில் நிறுத்தால், கடல்நீரில் சுமார் 35 கிராமும், கழிநீரில் அதற்குக் குறைவாகவும் இருக்கக் காணலாம். காய்ச்ச வசதியில்லையெனில், அடியில் களிமண் ஒட்டிய ஒரு வைக்கோல் தண்டே மிதவைமானியாகும். உப்பு மிகுந்த நீரில் அது உயர்ந்து நிற்கும். நன்னீரிலும் கடல்நீரிலும் அது நிற்கும் உயரங்களை மையால் குறித்துக்கொண்டு, மற்ற நீர்களை அவற்றுக்கிடையே ஒப்பிடலாம்.

களப்பணியாளர் எடுக்கும் அளவுகளில் நேரும் பெருங்குறை, ஏற்றமா வற்றமா என்பதைக் குறிக்காமல் விடுவதாகும். ஒரே இடத்தில், ஒரே நாளில், ஏற்றத்தின் உச்சியில் எடுத்த நீரும் வற்றத்தின் முடிவில் எடுத்த நீரும் இருவேறு பருவங்களின் நீர்போலத் தோன்றக்கூடும். ஆகவே தேதி, மணி, ஏற்றம் அல்லது வற்றம், காற்றின் திசை, ஆழம் ஆகிய ஐந்தும் உப்பின் அளவோடு ஒரே வரியில் எழுதப்பெறல் வேண்டும். முகத்துவாரத்தின் அகலத்தையும், அருகிலுள்ள நிலையான ஓர் அடையாளத்திலிருந்து அதன் தொலைவையும் பருவமழைக்கு முன்னும் பின்னும் அளந்து அதே ஏட்டிற் குறித்துவந்தால், மணல் எப்பக்கம் நகர்கின்றது என்பது இரண்டு மூன்று ஆண்டுகளில் மாணவர்க்கே புலப்படும்.